பிரிப்பதற்குள் படித்துவிடுங்கள்
நம் வட்டாரத்துப் பொறியியல் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோவில் பக்கத்துக் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் ஐடிஐ-களிலும் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு,

ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலை அடிவாரத்திலிருந்து எழுதுகிறேன். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் மலைமேல் சீனிவாசப் பெருமாளைப் பார்க்க வரும் உங்களில் பலர் எங்கள் தெருவைத் தாண்டித்தான் படியேறுகிறீர்கள். ராஜபாளையம் பக்கத்து நூற்பாலைகளில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். கல்லூரிப் படிப்பு இல்லை. இரும்போடும் கிரீஸோடும் பழகிய கை மட்டும் இருக்கிறது. அந்தப் பழக்கத்தின் உரிமையில் உங்களிடம் ஒன்று கேட்கிறேன்.

பாம்பனில் ரயில் போகாமல் நிற்கிறதே பழைய பாலம், அதைப் பிரித்து எடுக்கும் பேச்சு வந்துவிட்டது. அதற்குள் நீங்கள் அங்கே போக வேண்டும். அளக்க வேண்டும், வரைய வேண்டும், அதை இயக்கிய தொழிலாளர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதிவைக்க வேண்டும்.

'நமக்கும் பாம்பனுக்கும் என்ன சம்பந்தம்?' என்று தோன்றலாம். அமாவாசைக்கு ராமேஸ்வரத்து அக்னி தீர்த்தத்தில் முழுக்குப் போட நம் வீடுகளிலிருந்து எத்தனை தலைமுறை போயிருக்கிறது என்று உங்கள் பாட்டியைக் கேளுங்கள். 1988-ல் சாலைப் பாலம் திறக்கும் வரை ராமேஸ்வரம் தீவுக்குள் போக ரயிலை விட்டால் படகுதான். நம் தாத்தாக்களின் அஸ்தியும் அந்தப் பாலத்தின் மேல்தான் போனது. தவிர, விருதுநகர் - தென்காசி தடமும் ராமேஸ்வரம் தடமும் தெற்கு ரயில்வேயின் ஒரே மதுரைக் கோட்டத்தில் இருக்கின்றன. நம் ஊர் ஸ்டேஷனுக்கு மேலதிகாரியாக இருப்பவர்தான் அந்தப் பாலத்துக்கும் மேலதிகாரி. இது நம் வீட்டுச் சொத்துதான்.

முதலில் வரலாற்றைச் சொல்லிவிடுகிறேன்.

மதுரையிலிருந்து மண்டபம் வரை ரயில் வந்தது 1902-ல். அங்கே தண்டவாளம் முடிந்தது. எதிரே கடல், அதற்கப்பால் ராமேஸ்வரம் தீவு. பக்தர்களுக்காக மட்டும் கடலில் பாலம் போட வெள்ளைக்கார அரசு பணம் இறைத்திருக்காது. இலங்கையின் வணிகமும் தோட்டங்களும் அதன் கண்ணில் இருந்தன. தென்னிந்திய ரயில்வே கம்பெனி 1911-ல் வேலையைத் தொடங்கி, 1914 பிப்ரவரி 24 அன்று பாலத்தைத் திறந்தது. இந்தியாவில் கடல்மேல் கட்டிய முதல் பாலம் அதுதான். நீளம் 2 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், 143 தூண்கள். மும்பையில் பாந்த்ரா - வொர்லி பாலம் வரும் வரை, ஏறக்குறைய நூறாண்டு காலம், இந்தியாவின் மிக நீளமான கடல் பாலம் என்ற பெயர் இதற்கே இருந்தது.

பாலம் திறந்த கையோடு அதன் மேல் 'போட் மெயில்' ஓட ஆரம்பித்தது. சென்னை எழும்பூரில் ஏறினால் பாம்பனைத் தாண்டி தனுஷ்கோடித் துறை வரை ரயில். அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். இறங்கினால் கொழும்புக்கு இன்னொரு ரயில். ஒரே டிக்கெட்டில் எழும்பூரிலிருந்து கொழும்பு போய்ச் சேரலாம்.

மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து தேயிலைத் தோட்டக் கூலிகளாகப் போனவர்களும் இந்த வழியில் போனார்கள். மண்டபம் முகாமில் அவர்களைத் தனியே தங்கவைத்து, நோய் இல்லை என்று பார்த்த பிறகே அக்கரைக்கு அனுப்பினார்கள். 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தபின் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும், தாங்கள் பார்த்தே இராத தாயகத்துக்குத் திரும்பியதும் இதே பாதையில்தான். யாத்திரை போனவர், பஞ்சம் பிழைக்கப் போனவர், பிழைப்பு பறிபோய்த் திரும்பியவர் என்று மூன்று விதமான தமிழர்களை அந்த இரும்பு சுமந்திருக்கிறது.

அப்துல் கலாமின் சிறுவயதுக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்பதை நிறுத்திவிட்டார்கள். ஓடுகிற ரயிலிலிருந்து செய்தித்தாள் கட்டுகளை வெளியே எறிவார்கள். அவற்றைப் பொறுக்கி விநியோகித்ததுதான் அவருடைய முதல் சம்பாத்தியம். அந்தக் கட்டுகள் தீவுக்குள் வந்ததும் பாம்பன் பாலத்தின் மேல்தான்.

இனி உங்கள் பாடத்துக்கு வருகிறேன். பாலத்தின் பெரும்பகுதி சாதாரண கர்டர்கள்தான்: தூணுக்குத் தூண் எஃகுத் தகட்டு உத்தரங்கள், மேலே கட்டைகள், தண்டவாளம். அதிசயம் நடுவில் இருக்கிறது. கப்பல் போவதற்காகத் திறக்கும் இரண்டு சிறகுகள். அமெரிக்காவின் சிகாகோவில் வில்லியம் ஷெர்ஜர் என்ற பொறியாளர் 1890-களில் உருவாக்கிய முறை அது. அவர் பெயராலேயே நம் மீனவர்கள் வரை எல்லோரும் 'ஷெர்ஜர் தூக்குப்பாலம்' என்கிறார்கள்.

சிறகு ஒவ்வொன்றும் எஃகுச் சட்டங்களை முக்கோணம் முக்கோணமாகப் பின்னிய கூடு. நாற்கோணச் சட்டத்தை ஓரத்தில் தள்ளினால் கோணிக்கொள்ளும். முக்கோணம் கோணாது. கொஞ்ச இரும்பில் நிறைய வலு கிடைப்பது அந்தச் சூட்சுமத்தால்தான். 'டிரஸ்' என்று கரும்பலகையில் போட்டு, எந்தச் சட்டத்தில் இழுவிசை, எந்தச் சட்டத்தில் அமுக்குவிசை என்று கணக்குப் போடுகிறீர்களே, அந்தக் கணக்கு அங்கே 400 டன்னுக்கு மேல் எடையோடு நிற்கிறது. ஒரு சிறகின் எடை அவ்வளவு.

அவ்வளவு எடையை மின்மோட்டார் இல்லாமல், இரு பக்கமும் நின்ற தொழிலாளர்கள் நீண்ட கம்பிகளைப் பிடித்துத் தள்ளிச் சுழற்றியே தூக்கினார்கள். எப்படி முடிந்தது? நம் தோட்டங்களில் இருந்த ஏற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் சாலும் தண்ணீரும், மறு முனையில் அதற்குச் சமமான பாரம், நடுவில் தாங்குமரம். பாரம் சரியாக அமைந்துவிட்டால் ஓர் ஆளே இறைத்துவிடலாம். இங்கும் சிறகின் பின்புறம் எதிர்ப்பாரம் இருக்கிறது. ஆனால் ஏற்றத்தில் தாங்குமரம் நின்ற இடத்தில் நிற்கும். ஷெர்ஜர் பாலத்தில் தாங்கும் இடமே நகர்கிறது. சிறகின் அடிப்பாகம் சக்கரத்தில் கால்வாசியை வெட்டி எடுத்ததுபோல் வளைந்திருக்கும். திறக்கும்போது அந்த வளைவு தன் தடத்தின் மேல் பின்னோக்கி உருளும். உருள உருள மூக்கு மேலே எழும், முழு உடம்பும் கால்வாயை விட்டு விலகும். அச்சில் மாட்டிச் சுழற்றினால் உராய்வு தின்றுவிடும் சக்தி, உருளும்போது மிச்சமாகிறது. கப்பலுக்கும் முழு வழி கிடைக்கிறது. நூற்றாண்டுக்கு முன் போட்ட இந்தக் கணக்கின் அழகை நேரில் பார்த்தால் உங்களுக்கு மயிர்க்கூச்செறியும்.

இன்னொன்றையும் கிட்டத்தில் போய்ப் பாருங்கள்: ரிவெட். அந்தக் காலத்தில் தகடோடு தகடை ரிவெட் வைத்துத்தான் இணைத்தார்கள். உலையில் சிவக்கக் காய்ச்சிய ரிவெட்டைத் துளையில் செருகி, ஒரு பக்கம் தாங்கிப் பிடித்து, மறு பக்கம் அடித்துத் தலை எழுப்புவார்கள். ஆறும்போது அது சுருங்கித் தகடுகளை இறுக்கிக்கொள்ளும். தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ரிவெட் தலையில் ஒரு பக்கம் விரலை வைத்துக்கொண்டு மறு பக்கம் சிறு சுத்தியலால் தட்ட வேண்டும். இறுக்கமாக இருந்தால் 'கணீர்' என்று கேட்கும். தளர்ந்திருந்தால் சத்தம் மொத்தென்று விழும், விரலிலும் அசைவு தெரியும். பக்கத்தில் எழுந்திருக்கும் புதுப் பாலம் முழுக்க வெல்டிங் செய்தது. ரிவெட் அடிக்கத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே போகின்றன. சத்தத்தை வைத்து இரும்பின் நலம் சொல்லும் காதும் அந்தக் கைகளோடு போய்விடும்.

1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பாலத்தின் கதை முடியாது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பயணிகள் ரயிலைக் கடல் அப்படியே விழுங்கியது. அதில் இருந்தவர்கள் நூற்றுக்கும் மேல். தனுஷ்கோடி ஊரே போனது. அந்தத் தடத்தை அதன்பின் திரும்பப் போடவில்லை. பாம்பன் பாலத்தில் 120-க்கும் மேற்பட்ட கர்டர்கள் கடலுக்குள் விழுந்தன. தூக்குப்பாலம் விழாமல் நின்றது.

சீர்செய்ய ஆறு மாதம் என்று முதலில் கெடு வைத்தார்கள். பிறகு அது மூன்று மாதமாகக் குறைந்தது. பொறுப்பு, 32 வயது ரயில்வே பொறியாளர் ஒருவர் கைக்கு வந்தது. பின்னாளில் கொங்கண் ரயில்வேயையும் டெல்லி மெட்ரோவையும் கட்டிய இ.ஸ்ரீதரன்தான் அவர். புதுக் கர்டர்கள் செய்து வருவதற்குக் காத்திருந்தால் காலம் போதாது. விழுந்தவை கடலுக்குள் எங்கே கிடக்கின்றன என்று அந்தக் கடலை அறிந்த மீனவர்கள் காட்டினார்கள். அவற்றையே தூக்கி எடுத்துப் பழையபடி தூண்களில் உட்காரவைத்தார்கள். 46 நாளில் வேலை முடிந்து, 1965 மார்ச் மாதம் ரயில் ஓடியது. ஸ்ரீதரனின் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். இடம் காட்டிய மீனவர்களின் பெயர்களும், கழுத்தளவு தண்ணீரில் கயிறு கட்டிய கலாசித் தொழிலாளர்களின் பெயர்களும் அவற்றில் இல்லை. அவர்களுடைய பிள்ளைகள் இன்றும் பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் இருப்பார்கள். அப்பா சொன்ன கதை அவர்களுக்கு நினைவிருக்கும். இன்னும் பத்து வருடம் கழித்துப் போனால் கேட்க ஆள் இருக்காது.

அதற்குப் பிறகும் பாலம் நெடுங்காலம் உழைத்தது. 2007-ல் மீட்டர் கேஜ் போய் அகலப் பாதை வந்தபோது, மீட்டர் கேஜுக்கு என்று கட்டிய இந்தப் பழைய உடம்பையே பலப்படுத்தி அதன்மேல் அகல ரயிலை ஓடவிட்டார்கள். 2013-ல் கடற்படைக்குச் சொந்தமான மிதவை ஒன்று மோதித் தூண் சேதமானது. சரிசெய்தார்கள். 2018 டிசம்பரில் தூக்குப்பாலத்தில் விரிசல் கண்டு இரண்டு மாதத்துக்கு மேல் ரயிலை நிறுத்தினார்கள். அதையும் சரிசெய்தார்கள். காற்று வேகம் கூடினால் ரயிலை நிறுத்திவைப்பது, ஊர்ந்துதான் கடக்க வேண்டும் என்று கட்டுப்படுத்துவது, உப்பு அரிக்க அரிக்கச் சுரண்டி மறுபடி பெயின்ட் அடிப்பது என்று ஓயாத வேலை. பொருத்தியிருந்த உணரிகள் ஆபத்தைக் காட்ட, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். பிறகு அதன்மேல் பயணிகள் ரயில் போகவில்லை.

2025 ஏப்ரல் 6, ராமநவமி அன்று புதுப் பாலம் திறந்தது. அதில் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி, லிஃப்ட் போல நேராக 17 மீட்டர் மேலே எழுகிறது. எல்லாம் மோட்டார் வேலை. சில நிமிடங்களில் முடிகிறது. அது நல்ல பாலம். அதைப் பார்த்துப் பெருமைப்படுவதில் தவறே இல்லை. பழையதைப் பற்றி எழுதுவதால் புதியதைக் குறைசொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பழைய பாலம் முழுவதையும் கடலிலேயே அப்படியே நிறுத்திவைக்க வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. பராமரிப்பு இல்லாத இரும்பு கடலில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். திருச்சியில் கொள்ளிடத்தின் குறுக்கே 1928-ல் கட்டிய இரும்புப் பாலம் இருந்தது. பக்கத்தில் புதுப் பாலம் வந்ததும் அதில் போக்குவரத்தை நிறுத்தினார்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் தூண்கள் சாய்ந்து ஒரு பகுதி ஆற்றில் விழுந்தது. மீதியையும் இடிக்க வேண்டியதாயிற்று. பாம்பனில் அப்படி ஒன்று நடந்தால் கால்வாயில் போகும் விசைப்படகுகளுக்கும், பக்கத்தில் நிற்கும் புதுப் பாலத்துக்கும் ஆபத்து. ராஜமுந்திரியில் கோதாவரியின் மேல் 1900-ல் ரயில் ஓடத் தொடங்கிய ஹேவ்லாக் பாலத்துக்கு 1997-ல் ஓய்வு கொடுத்தார்கள். அதைச் சுற்றுலாத் தலமாக்குவோம் என்ற பேச்சு கால் நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. வெறும் பேச்சை நம்பி விட்டுவைத்தால் துரு நமக்காகக் காத்திருக்காது.

ஆகவே என் கோரிக்கை நடுவழிக் கோரிக்கை. பிரிக்க வேண்டியதைப் பிரிக்கட்டும். ஷெர்ஜர் சிறகு ஒன்றை, முழுதாக முடியாவிட்டால் அந்த உருளும் வளைவையும் தடத்தையும் சுழற்றும் பொறியையும் மட்டுமாவது, பழைய இரும்பு வியாபாரத்துக்கு அனுப்பாமல் கரையில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். மண்டபம் பக்கம் நிறுத்தலாம். ரயில்வேக்குச் சென்னையிலும் திருச்சியிலும் அருங்காட்சியகங்கள் இருக்கின்றன, அங்கேயும் நிறுத்தலாம். இதை ரயில்வேயிடம் கேட்கக் கிழவன் நான் ஒருவன் போதாது. அளவோடும் வரைபடத்தோடும் நீங்கள் போய்க் கேட்டால் அந்தக் கோரிக்கைக்கு எடை வரும். இரும்பு நிற்கிறதோ இல்லையோ, அதைப் பற்றிய அறிவு நிற்க வேண்டும். அது உங்கள் கையில் மட்டுமே இருக்கிறது.

என்ன செய்யலாம் என்று எனக்குத் தெரிந்த வரையில் சொல்கிறேன்.

முதலில் அனுமதி. கல்லூரி முதல்வர் கையெழுத்தோடு மதுரைக் கோட்ட மேலாளருக்கு எழுதுங்கள். அனுமதி இல்லாமல் பாலத்தில் கால் வைக்காதீர்கள். அரித்த இரும்பு வெளியே திடமாகத் தெரியும், மிதித்தால் ஓட்டை விழும். அனுமதி வரும் வரை சாலைப் பாலத்தின் நடைபாதையில் நின்றாலே முழுப் பாலமும் தெரியும். காலை வெயிலிலும் மாலை வெயிலிலும் ஒரே இடத்திலிருந்து படம் எடுங்கள். சட்டங்களின் நிழல் மாறும்போதுதான் எது எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்பது புரியும்.

மெக்கானிக்கல் படிப்பவர்கள் தூக்குப்பாலத்தின் உருளும் வளைவையும், சுழற்றும் கம்பியிலிருந்து பல்சக்கரங்கள் வழியாக விசை போகும் பாதையையும் வரையுங்கள். கம்பியை எத்தனை சுற்றுச் சுற்றினால் சிறகு எவ்வளவு எழும் என்று கணக்கிட்டு, சிறு மாதிரி ஒன்று செய்யுங்கள். சிவில் படிப்பவர்கள் தூண்களில் உப்பும் அலையும் எந்த மட்டத்தில் அதிகம் அரித்திருக்கின்றன என்று பாருங்கள். அடுத்து கடலோரத்தில் கட்டப்போகும் எல்லாப் பாலத்துக்கும் அது பாடம். கம்ப்யூட்டர் படிப்பவர்கள் டிரோனையும் முப்பரிமாணப் படப்பிடிப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஐடிஐ தம்பிகள் ரிவெட்டைத் தட்டிப் பார்க்கும் முறையைப் பழைய ஃபிட்டர்களிடம் கற்றுக்கொண்டு போங்கள். ராஜபாளையத்தில் அப்படிப்பட்டவர்கள் இன்னும் இருக்கிறோம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஓய்வுபெற்ற கலாசிகளையும் கேங்மேன்களையும் தேடிப் போங்கள். கப்பல் வருகிறது என்று தகவல் வந்ததும் முதலில் எதைக் கழற்றினார்கள்? இரண்டு சிறகும் நடுவில் சேரும் இடத்தில் பூட்டு எப்படி விழும்? காற்று எந்தத் திசையில் அடித்தால் தள்ளுவது கடினம்? கை எங்கே நசுங்கும் என்று புதிதாக வந்தவனுக்கு என்ன எச்சரிக்கை சொன்னார்கள்? கிரீஸ் எத்தனை நாளைக்கு ஒருமுறை, எந்த இடத்தில்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் எந்த டிராயிங்கிலும் இருக்காது. அவர்கள் பேசும் பேச்சைப் பேசியபடியே பதிவு செய்யுங்கள், மேடைத் தமிழாக்கிவிடாதீர்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், நான் வேலை பார்த்த ஒரு மில்லில் பழைய இயந்திரங்களை ஒரே வாரத்தில் எடைக்குப் போட்டார்கள். புது இயந்திரம் வந்தது நல்லதுதான். ஆனால் பழையதில் இழை அறுந்தால் காதாலேயே கண்டுபிடித்த வேலையாட்களிடம், 'எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?' என்று யாரும் ஒரு வார்த்தை கேட்டு எழுதிவைக்கவில்லை. அவர்களில் பலர் இப்போது இல்லை. இரும்பு உருகி வேறு இரும்பாகிவிட்டது. அந்தத் திறமை எதுவாகவும் ஆகவில்லை.

உங்களுக்கு எப்படியும் கடைசி வருடம் புராஜெக்ட் ஒன்று செய்தாக வேண்டும். கடையில் வாங்கி, அட்டை மாற்றி, ஒப்படைக்கும் புராஜெக்டில் உங்களுக்கும் லாபமில்லை, ஊருக்கும் லாபமில்லை. அந்த உழைப்பைப் பாம்பனில் போடுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் காலையில் கிளம்பி விருதுநகர், மானாமதுரை, ராமநாதபுரம் வழியாகப் போனால் மதியத்துக்குள் மண்டபம் சேர்ந்துவிடலாம். உங்களோடு வந்து கயிறு பிடிக்கவும், அளவுநாடாவின் மறுமுனையைப் பிடிக்கவும் நான் தயார். ஆசிரியர்களும் ஒத்துழைக்க வேண்டும் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

இந்தப் பருவத் தேர்வு முடிந்ததும் முதல் வேலையாக ஒவ்வொரு கல்லூரியிலும் நான்கைந்து பேர் கூடிப் பேசுங்கள். அனுமதிக் கடிதத்தை அன்றைக்கே எழுதுங்கள். பிரிக்கும் வேலைக்கு நாள் குறித்துவிட்டால் அப்புறம் யாரிடம் கேட்டும் பயனில்லை.

இப்படிக்கு,
உங்கள் மீது நம்பிக்கை வைத்திருக்கும்
ஓய்வுபெற்ற மில் ஃபிட்டர்,
திருவண்ணாமலை அடிவாரம், ஸ்ரீவில்லிபுத்தூர்